யார் உழைப்பாளி?

செங்கற்பட்டிலிருந்து வடக்கே வரும் மின்தொடர் வண்டியும், கடற்கரையிலிருந்து தெற்கே வரும் மின்தொடர் வண்டியும் காலைப்பொழுதில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் வந்து நிற்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். வண்டி நின்றதும் நடைமேடை நிறைகிறது. இறங்குவோரில் பெரும்பகுதியினர் பெண்டிர். தோளிலே சோற்றுப்பை, கழுத்திலே அடையாள அட்டை, காலிலே விரைவு! பெருஞ்சாலையை ஒட்டி, 1984-இல் ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கப்பெற்று, 2003 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயர் பெற்றுள்ள 'மெப்ஸ்' வாயிலை நோக்கி நடக்கிறார்கள். தைப்போரும், பின்னுவோரும், நுண்கருவிகளைப் பொருத்துவோரும், கணிப்பொறி முன் அமர்வோருமாக அந்த வாயில் அவர்களை விழுங்கிக் கொள்கிறது.

இதைக் கண்டு பெருமூச்செறிவோர் உண்டு. "காலம் கெட்டுவிட்டது, பெண்கள் எல்லாம் வெளியே கிளம்பிவிட்டார்கள், இனி வீடு வீடாக இருக்குமா?" என்று திண்ணையிலே அமர்ந்து திகைப்பவர் அவர். இதைக் கண்டு பூரிப்போரும் உண்டு. "சமத்துவம் வந்துவிட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டுக் கைகழுவிக் கொள்பவர் இவர். முன்னவர் பழைமைப் பித்தர், பின்னவர் நம் தோழர். ஆயினும் இருவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். இருவரும் நடைமேடையைப் பார்க்கிறார்கள். கணக்கேட்டையும் பார்க்கவில்லை, அடுப்பங்கரையையும் பார்க்கவில்லை. நாம் இரண்டையும் பார்ப்போம்.

முதலில் கணக்கேடு. 15 வயது நிரம்பிய நூறு பெண்களில், வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்து எத்தனை பேர் என்று கணக்கிடுகிறது அரசு. இதனை உழைப்புப் பங்கேற்பு விகிதம் என்பர். இந்திய நாட்டில் 2004–05-இல் இது ஏறத்தாழ 43. 2011–12-இல் 31. 2017–18-இல் 23! பதின்மூன்று ஆண்டுகளில் பாதியளவுக்குச் சரிந்தது. சாலைகள் விரிந்தன, மாடிகள் உயர்ந்தன, தேசிய வருமானம் பெருகிற்று என்று முரசறைந்த அதே ஆண்டுகளில்தான் இந்தச் சரிவு நடந்தது. ஆண்களின் விகிதமோ அந்த 2017–18-இல் 75-ஐத் தாண்டி நின்றது.

இப்போது பக்கத்து நாட்டைப் பாருங்கள். வங்கதேசத்தில் 1995–96-இல் நூறு பெண்களில் உழைப்பாளர் கணக்கில் வந்தோர் 16 பேர்கூட இல்லை. 2005–06-இல் அது 29 ஆயிற்று. 2010-இல் 36 ஆயிற்று. 2016–17-இலும் ஏறத்தாழ அதே அளவில் நின்றது. நாம் இறங்கிக்கொண்டிருந்த படிக்கட்டில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரு நாடுகளிலும் கணக்கெடுக்கும் முறை முற்றிலும் ஒன்றல்ல என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒரு புள்ளி கூடுதலா குறைவா என்று மல்லுக்கு நிற்கவும் வேண்டியதில்லை. திசை வேறு என்பது வெள்ளிடைமலை.

ஏன் இந்த வேறுபாடு? 'அது முசுலிம் பெருவாரியான நாடு. முக்காடு போட்ட நாடு. அங்கே பெண்கள் வெளியே வரமாட்டார்கள்' என்று ஒரு காலத்தில் ஆய்ந்தோர் எழுதினர். நடந்தது என்ன? 1979-இல் அங்கிருந்த ஓர் ஆடைத் தொழிலகம், தையற் பயிற்சிக்காக 130 பேரைத் தென்கொரியாவின் பூசான் நகருக்கு அனுப்பிற்று. திரும்பி வந்தவர்கள் வித்திட்ட தொழில் ஆயிரம் ஆயிரம் ஆலைகளாகக் கிளைத்தது. அவற்றில் வேலை செய்தோரில் ஒரு காலத்தில் பத்தில் எட்டுப் பேர் பெண்கள். விடியற்காலையில் டாக்கா நகரத் தெருக்களில் இளம்பெண்கள் அணியணியாக நடந்து போகும் காட்சி, அந்நாட்டின் புதிய காட்சியாயிற்று. வேதநூலில் ஒரு வரிகூட மாறவில்லை. கூலி கிடைக்கும் இடம் நடந்துபோகும் தொலைவுக்கு வந்தது. 'மதம் தடுக்கிறது, மரபு தடுக்கிறது' என்று கூறிக்கொண்டிருந்த தந்தையர் பலர், மகளின் முதற்கூலி வீட்டுக்கு வந்த அன்று மரபை மறந்தனர். மரபு என்பது எவ்வளவு மெல்லிய நூலால் கட்டப்பட்டது என்பதை இது காட்டவில்லையா?

நம் நாட்டில் மட்டும் ஏன் சரிவு? அதில் ஒரு பகுதி நல்ல சரிவு என்பதை மறுக்கலாகாது. பதினாறு வயதில் வயலுக்குப் போனவள் பள்ளிக்குப் போகிறாள் என்றால், கணக்கில் ஓர் உழைப்பாளி குறைகிறாள். நாட்டில் ஒரு மாணவி கூடுகிறாள். அந்தக் குறைவை நாம் வரவேற்போம். இன்னொரு பகுதி, இயந்திரம் வயலுக்கு வந்ததால் நேர்ந்தது. நடவுக்கும் அறுவடைக்கும் பொறி வந்தது. அதை ஓட்டும் இருக்கையில் ஆண் அமர்ந்தான். நட்டவளும் அறுத்தவளும் வீட்டுக்குத் திரும்பினர். அவளை ஏற்க ஊருக்கு அருகே வேறு தொழில் வரவில்லை.

மூன்றாவது பகுதிதான் நம்மைச் சுடுகிறது. நம் நாட்டில் உழைப்புக்கும் மதிப்புக்கும் இடையே சாதி ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறது. கழனியில் குனிந்து நட்ட தாழ்த்தப்பட்ட தாய் என்றைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அவள் வெளியே வந்ததற்காக எந்தப் பண்டிதரும் கண்ணீர் வடித்ததில்லை. பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது மேட்டுக்குடியின் அடையாளமாக இருந்தது. ஒரு குடும்பம் நாலு காசு சேர்த்ததும் முதலில் செய்வது என்ன? ஓட்டுவீட்டை மாடிவீடாக்குவது; அடுத்து, 'எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதில்லை' என்று சொல்லிக்கொள்வது! உயர்ந்த சாதி என்று தம்மைக் கூறிக்கொண்டோரைப் பார்த்துக் கற்ற பாடம் இது. பெண்ணின் கை சும்மா இருப்பதே ஆணின் பெருமைக்கு அளவுகோல் என்றாயிற்று. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்றொரு பழமொழி வேறு! அலுவல் ஆணுக்கு அழகாம். அப்படியானால் பெண்ணுக்கு அழகு எது? அந்த அலுவலுக்குப் போகிறவனுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதா?

கல்வி வந்தால் இது தானே மாறிவிடும் என்று நம்புவோர், தெற்கே கடலைக் கடந்து பார்க்கட்டும். இலங்கையில் பெண்கல்வி நெடுங்காலமாக ஓங்கி நிற்கிறது. ஆயினும் பல பத்தாண்டுகளாக அந்நாட்டுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே உழைப்பாளர் கணக்கில் உள்ளனர். பட்டம் கையில் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. அதே தீவின் மலைநாட்டில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். உழைப்பில் முழுப் பங்கேற்பு! ஆனால் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மலையகத் தமிழரைக் குடியற்றவராக்கிற்று. தீவின் செல்வத்தைக் கூடையில் சுமந்தவளுக்குத் தீவில் குடியுரிமை இல்லை. உழைத்தால் மட்டும் உரிமை வந்துவிடும் என்போர் இந்த வரலாற்றுக்கு விடை கூறட்டும்.

இங்கேதான் நம் கேள்வி கணக்கிலிருந்து அறத்துக்கு நகர்கிறது. இந்த எண் உயர வேண்டும் என்று நாம் விரும்பும்போது, உண்மையில் எதனை விரும்புகிறோம்?

2017–18-க்குப் பிறகு நம் நாட்டு எண் திரும்பவும் ஏறத் தொடங்கிற்று. 2022–23-இல் 37, 2023–24-இல் ஏறத்தாழ 42. வங்கதேசமும் 2022-இல் 42-ஐத் தாண்டிற்று. 'இதோ பாருங்கள், பந்தயத்தில் சமநிலை. கவலை தீர்ந்தது' என்று ஏடுகள் எழுதின. ஏட்டைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். சிற்றூர்களில் விகிதம் ஏறத்தாழ 25-லிருந்து 48-க்கு ஏறியது. நகரங்களிலோ 20-லிருந்து 28 வரைதான். வேலை செய்யும் பெண்கள் நூறு பேரில், மாதச் சம்பளம் பெறுவோர் 2017–18-இல் 21 பேராக இருந்தனர். 2023–24-இல் 16 பேராயினர். வீட்டுத் தொழிலில், கடையில், நிலத்தில் 'உதவியாள்' என்று எழுதப்பட்டுக் கூலி ஏதும் பெறாதோர் 32-லிருந்து ஏறத்தாழ 37 ஆயினர். வங்கதேசத்திலும் அண்மை ஆண்டுகளின் ஏற்றம் சிற்றூர்களில்தான், நகரங்களில் இறக்கமே.

இதன் பொருள் என்ன? கணக்கெடுப்பாளர் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறார். "என்ன வேலை செய்கிறீர்கள், அம்மா?" என்று கேட்கிறார். "நான் சும்மாத்தான் இருக்கிறேன், வீட்டிலே" என்கிறாள் அந்தத் தாய். விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, உலை வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, துணி துவைத்து, அப்போதுதான் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறவள் சொல்லுகிறாள், 'சும்மா' என்று! படிவத்தில் 92 என்ற குறியெண் விழுகிறது. வீட்டுவேலை மட்டும் செய்பவர் என்பது அதன் பொருள். உழைப்பாளர் கணக்கில் சேராத எண் அது. அடுத்த முறை வருகிறவர், "கணவருடைய கடையிலே உட்காருவதுண்டா? மாட்டுக்குப் புல் அறுப்பதுண்டா?" என்று துருவிக் கேட்கிறார். "உண்டு" என்கிறாள். 92 அழிந்து 21 என்று எழுதப்படுகிறது. கூலியில்லா உதவியாள் என்பது அதன் பொருள். நாட்டின் உழைப்பாளர் தொகையில் ஒன்று கூடிவிட்டது! அவள் மடியில் கூடியது என்ன? ஒரு காசும் இல்லை.

இந்தக் கணக்கின் விந்தையை இன்னும் கேளுங்கள். மாட்டுக்குப் புல் அறுத்துப் பால் கறந்தால் அவள் உழைப்பாளி. கறந்த பாலைக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுத்தால் அல்லள். சேலையூரில் ஒரு வீட்டில் சமைத்துச் சம்பளம் பெற்றால் உழைப்பாளி. அதே கையால் அடுத்த தெருவிலுள்ள தன் வீட்டில் அதே குழம்பை வைத்தால் அல்லள். அடுப்பு ஒன்று, வியர்வை ஒன்று, குழம்பும் ஒன்று. காசு கைமாறினால்தான் கணக்கு! இதைவிடக் கொடுமை ஒன்றும் நடந்தது. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்யும் பெண்களை இரப்போரோடும் சிறைப்பட்டோரோடும் ஒரே வகையில் சேர்த்து, உழைக்காதோர் என்று எழுதினர். 2010-இல் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. செல்வத்துக்கு இலட்சுமி, கல்விக்குச் சரசுவதி என்று சுவரெல்லாம் படம் மாட்டும் நாடு, அந்தப் படத்துக்குக் கீழே நின்று பாத்திரம் துலக்கும் பெண்ணை இரவலர் பட்டியலில் வைத்தது. படத்துக்குப் பூ, பாத்திரம் துலக்குபவளுக்குப் பூச்சியம்!

ஆகவே, எண் தாழ்ந்திருந்தால் அவர்கள் உழைக்கவில்லை என்பதும் பொய். எண் உயர்ந்தால் அவர்கள் விடுதலை பெற்றுவிட்டார்கள் என்பதும் பொய். இதற்குக் கண்ணீரால் எழுதப்பட்ட சான்று ஒன்று உண்டு. 2013 ஏப்ரல் 24-ஆம் நாள், டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்ற எட்டுமாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆடை தைக்கும் பெண்கள். முந்தைய நாளே சுவரில் வெடிப்புகள் தெரிந்தன. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களிலிருந்த ஆலைத் தொழிலாளரை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். ஏறினார்கள். அவர்கள் அனைவரும் உழைப்பில் பங்கேற்போர் என்ற கணக்கில் இருந்தவர்கள்தாம். அவர்களிடம் வேலை இருந்தது, கூலி இருந்தது. 'ஏறமாட்டேன்' என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை. அந்த ஓர் உரிமை இல்லாததால் மற்ற இரண்டும் மண்ணுக்குள் போயின.

அயல்நாட்டைச் சுட்டிவிட்டு நம்மை மறந்துவிடலாகாது. தமிழ்நாட்டு மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை அறிவீர்கள். ஏழை வீட்டு இளம்பெண்களை மூன்றாண்டு, நான்காண்டு என்று விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். எதற்கு அந்தத் தொகை? வரதட்சணைக்கு! பெயரைப் பாருங்கள்: சுமங்கலி. ஆலையில் நூற்ற நூல் தாலியாகத் திரிந்து அவள் கழுத்துக்கே வரும். தன்னை விலைபேசுவோனுக்குக் கொடுக்க வேண்டிய விலையைத் தானே உழைத்துச் சேர்க்கிறாள். கணக்கேட்டில் அவளும் ஓர் உழைப்பாளி. விகிதம் அவளாலும் உயரும். இந்த உயர்வைக் கொண்டாட நம்மால் இயலுமா?

இங்கே நம் நண்பர் ஒருவர் குறுக்கிடுவார்: "அப்படியானால் பெண்கள் வேலைக்குப் போக வேண்டாம் என்கிறீர்களா? முதலாளிக்கு மலிவான கை தேவை. அதற்குச் சமத்துவம் என்று முலாம் பூசுகிறான் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்வோமே!" இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்தும் இருக்கிறது. முதலாளிக்கு மலிவான கை தேவை என்பது மெய். ஆனால் வீட்டிலே அதைவிட மலிவாக, விலையே இல்லாமல், அந்தக் கையை வாங்கிக்கொண்டிருப்பவர் யார்? ஆலையில் சுரண்டல் என்றால் சங்கம் அமைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம், சட்டம் கேட்கலாம். அடுக்களைக்குச் சங்கம் ஏது? அங்கே முதலாளியும் மேற்பார்வையாளரும் அன்புக்குரிய கணவரும் ஒருவரே! சானடோரியம் நடைமேடையில் இறங்கும் பெண் சுரண்டப்படுகிறாள் என்பது உண்மையானாலும், அவளோடு நூறு பேர் இறங்குகிறார்கள். கூடிப் பேசலாம், கூலியை ஒப்பிட்டுப் பார்க்கலாம், 'முடியாது' என்று சேர்ந்து சொல்லலாம். தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவள், அடிக்கும் கணவனை விட்டு வெளியேற எண்ணவாவது முடியும். ஆகையால், வேலை விடுதலை ஆகிவிடாது. ஆனால் தன் கையில் கூலி இல்லாத விடுதலை நெடுநாள் நில்லாது.

இதை நம் முன்னோடிகள் அறிந்திருந்தார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே, இதே இருப்புப்பாதையில் உள்ள செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்றும், எந்தத் தொழிலையும் மேற்கொள்ள அவர்களுக்குச் சம உரிமையும் வாய்ப்பும் வேண்டும் என்றும், தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்குப் பெண்களையே அமர்த்த வேண்டும் என்றும் அங்கே தீர்மானித்தனர். சொத்து, தொழில், பணி என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டனர் என்பதைக் கவனியுங்கள். சொத்துத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தியா முழுமைக்கும் 2005 வரை. கருத்தடை என்பது நாட்டு நலனுக்காக மட்டுமன்று, பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று பெரியார் எழுதியபோது தூற்றியவர் எத்தனை பேர்! பெண்களின் உழைப்பு வரலாற்றை இருநூறு ஆண்டுக் கணக்குகளில் ஆராய்ந்து 2023-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் கிளாடியா கோல்டின், பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கும் மாத்திரை அந்நாட்டு இளம்பெண்களுக்கு நீண்ட படிப்பையும் நிலைத்த தொழிலையும் எப்படித் திறந்துவிட்டது என்பதை எடுத்துக் காட்டினார். ஈரோட்டில் எழுதப்பட்டதற்கு அமெரிக்காவில் கணக்குச் சான்று கிடைத்தது என்று நாம் மகிழலாம். ஆனால் மகிழ்ச்சி நம்மை மயக்கிவிடலாகாது.

ஏனெனில் நம் வீட்டுக் கணக்கு இன்னும் தீரவில்லை. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 43 பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019–20-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கு கூறிற்று. இது நமக்குப் பெருமை. அதே தமிழ்நாட்டில், கடைகளில் நாள் முழுதும் நின்றுகொண்டே விற்பனை செய்யும் பெண்களுக்கு உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தலைநிமிர்ந்து நிற்க உரிமை கேட்ட நாட்டில், கால் ஓய உட்காரவும் உரிமை கேட்க வேண்டியதாயிற்று! ஆலைகளில் பெண்கள் இரவுவேலை செய்யலாகாது என்றொரு தடை நெடுங்காலம் இருந்தது. 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. தெரு இருட்டு என்றால் விளக்குப் போட வேண்டும். பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் காப்பு என்று கருதியவர்கள் எண்ணிக்கை இன்றும் குறைவன்று. 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற ஊர்களில் பணிபுரியும் பெண்களுக்குத் 'தோழி' விடுதிகள் ஆகியவை வந்தபோது, 'இதெல்லாம் இலவசம்' என்று ஏளனம் செய்தோர், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவே எத்தனை பெண்களை வீட்டில் நிறுத்தியது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அதற்கு 'உதவித்தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டது பொருளற்ற செயலன்று. கணக்கில் வராத உழைப்புக்கு நாடு தலைவணங்கிற்று. ஆனால் நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆயிரம் ரூபாய் அவள் கைக்கு வரலாம். அது ஒரு பாத்திரத்தையும் துலக்காது. அடுப்பங்கரைக்கு விலை வைத்துவிட்டோம் என்று ஆண் எழுந்து போய்விட்டால், அந்தத் தொகையே அவளை அங்கே ஆணியடித்து நிறுத்தும் கூலியாகிவிடும். உழைப்புக்கு மதிப்பளிப்பது ஒரு கடமை. உழைப்பைப் பகிர்ந்துகொள்வது இன்னொரு கடமை. முதற்கடமை அரசினுடையது, இரண்டாவது யாருடையது?

2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். வீட்டுவேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். ஈடுபடுவோர் எத்தனை பேர் என்று கேட்டீர்களானால் இன்னும் தலைகுனிய வேண்டும்: பெண்களில் நூற்றுக்கு 80-க்கு மேல், ஆண்களில் 30-க்கும் கீழ். 2019-இல் இதே கணக்கில் பெண்ணுக்கு 299, ஆணுக்கு 97. ஐந்து ஆண்டுகளில் இருவருக்கும் குறைந்திருக்கிறது. பெண்ணின் பங்கை ஆண் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மெப்ஸ் வாயிலில் மாலை மணி அடித்து வெளியே வரும் பெண்ணுக்கு அங்கே ஒரு வேலை முடிகிறது. மின்தொடரில் ஏறி இறங்கியதும் இன்னொரு வேலை தொடங்குகிறது. அவளோடு அதே வண்டியில் வந்தவன் வீட்டுக்குள் நுழைந்து, 'அப்பாடா!' என்று அமர்கிறான். ஒரே வண்டி, ஒரே களைப்பு; ஒருவருக்கு வீடு ஓய்வு, ஒருவருக்கு வீடு இரண்டாம் ஆலை!

ஆகவே நாட்டுக்கு நாடு எண்களை ஒப்பிடுவோர் ஒப்பிடட்டும்; நாமும் ஒப்பிடுவோம். ஆனால் எந்த எண்ணைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. அவள் வேலைக்குப் போவதையோ போகாததையோ முடிவு செய்தவர் யார்? அவள் உழைப்பின் கூலி யார் கையில் தங்குகிறது? அவளால் 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா? முதலாளியிடமும் சொல்ல வேண்டும், கணவனிடமும் சொல்ல வேண்டும். இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், விகிதம் 40 ஆனாலும் 60 ஆனாலும் அது வளர்ச்சி. கிடைக்காவிட்டால், 92-ஐ அழித்து 21 என்று எழுதிய மையின் செலவுதான் மிச்சம்.

இதைப் படிக்கும் இளைஞரே! நீங்கள் சாதியை மறுத்தவர், சடங்கை மறுத்தவர், மேடையிலே பெண்ணுரிமை முழங்குபவர். குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஞாயிறு மாலை நடக்கும் கூட்டத்துக்குக் கறுப்புச் சட்டை அணிந்து கிளம்புவீர்கள். கிளம்புமுன் அந்தச் சட்டையைச் சற்றுத் தொட்டுப் பாருங்கள். துவைத்தது யார்? உலர்த்தி மடித்து வைத்தது யார்? நீங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் இரவுச் சோற்றை ஆக்கிக்கொண்டிருப்பவர் யார்? அந்தத் தாயை, அந்தத் தமக்கையை, அந்தத் துணைவியை யாரேனும் கேட்டால், 'சும்மா இருக்கிறேன்' என்றுதானே சொல்வார்? அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருகிறவரை நம் சொற்பொழிவுகள் அவர் செவிக்கு எட்டவில்லை என்றுதான் பொருள்.

இந்த ஒரு கிழமை கூட்டத்துக்கு அவர் போய் வரட்டும். நீங்கள் வீட்டில் இருங்கள். அவர் திரும்பி வரும்போது உலை கொதித்திருக்கட்டும், பாத்திரங்கள் துலங்கியிருக்கட்டும். அடுத்த கிழமை இருவருமே சேர்ந்து போகலாம்.